மெஷின் பாக்குறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் கேள்வி எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி ஒரே விஷயந்தான். காலேஜ்கள்ல ப்ராஜெக்ட் சீசன் ஆரம்பிச்சுருச்சு போல, டேட்டாவை எப்பிடி வகை பிரிக்கிறது, நியூரல் நெட்வொர்க் போடணுமா வேண்டாமா, ஃபீச்சர்னா என்னன்னு ஆளாளுக்கு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு ஒதுக்கிட்டு இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் இதுக்கே குடுத்துட்டேன். பேர் போட வேண்டாம்னு நிறையப் பேர் சொன்னதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். ஃபீச்சர் எக்ஸ்ட்ராக்ஷன்னு சிலபஸ்ல ஒரு யூனிட்டே இருக்கு. ஆனா யூடியூப்ல பாத்தா நியூரல் நெட்வொர்க்குக்கு அதெல்லாம் தேவையில்ல, அதுவே கத்துக்கும்னு சொல்றாங்க. எதை நம்புறது?
ஒரு மாணவி, திருமங்கலம்

பதில்: தங்கச்சி, ஒரு நாள் விடியக்காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போய் நில்லு. மூட்டைல இருந்து ஒரு கை மல்லியை அள்ளுவாரு வியாபாரி, ரெண்டு செகண்டுல இது என்ன ரகம்னு சொல்லிருவாரு. அவரு எதைப் பாக்குறாருன்னு கேட்டுப் பாரு, மொட்டு உருட்டா இருக்கா, வாய் விரிஞ்சிருச்சா, காம்பு எம்புட்டு நீளம், ஈரம் அதிகமா இருக்கா, நேத்துப் பறிச்சதா இன்னைக்குப் பறிச்சதா, அவ்வளவுதான். ஒரு பூவுல அளக்கணும்னா ஆயிரம் விஷயம் இருக்கும், அதுல முடிவுக்கு உதவுற நாலஞ்சை மட்டும் அவரு கண்ணு தனியா எடுத்துக்குது. அந்த நாலஞ்சுதான் ஃபீச்சர். அதை எடுக்குற வேலைதான் ஃபீச்சர் எக்ஸ்ட்ராக்ஷன்.

பூவை வச்சே இந்தத் துறைல ரொம்பப் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1936ல ரொனால்ட் ஃபிஷர் ஐரிஸ்னு ஒரு பூவோட அளவுகளை வச்சு கட்டுரை எழுதுனாரு, அளவெல்லாம் எட்கர் ஆண்டர்சன்னு ஒரு தாவரவியல்காரர் எடுத்தது. மூணு இனம், இனத்துக்கு 50 பூ, மொத்தம் 150, ஒவ்வொரு பூவுக்கும் நாலே நாலு நம்பர்: புல்லிவட்ட இதழோட நீளம், அகலம், அல்லிவட்ட இதழோட நீளம், அகலம். அல்லி இதழ் நீளத்தை மட்டும் வச்சே ஒரு இனம் சுத்தமா தனியா வந்துரும், மத்த ரெண்டும் ஓரத்துல கொஞ்சம் கலந்து நிக்கும். இன்னைக்கும் மெஷின் லேர்னிங் படிக்கிறவங்க முதல் வாரத்துல இதைத்தான் போட்டுப் பாக்குறாங்க, போட்டு முடிச்சதும் பாரு எவ்வளவு ஈசின்னு சந்தோஷப்படுறாங்க. ஆனா கஷ்டமான வேலையை அங்க ஒரு மனுஷன் ஏற்கனவே முடிச்சுட்டாரு, இலையை விட்டுரு, தண்டை விட்டுரு, இதழை அளந்தா இனம் தெரியும்னு முடிவு பண்ணினது ஆண்டர்சனோட கண்ணு.

சரி, யூடியூப்காரங்க சொல்றது பொய்யான்னா அதுவும் இல்ல. நியூரல் நெட்வொர்க்ங்கிறது அடுக்கடுக்கா இருக்குற கூட்டல் பெருக்கல் கணக்கு, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எடை இருக்கும், விடை தப்பா வந்தா அந்தத் தப்பை கடைசி அடுக்குல இருந்து பின்னோக்கி பங்கு போட்டு எந்த எடையை எவ்வளவு மாத்தணும்னு கணக்குப் போடுவாங்க. அந்த முறை 1986ல ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூணு பேரும் எழுதுன கட்டுரைக்கு அப்புறம்தான் பரவலாச்சு. படத்தைக் குடுத்தா முதல் அடுக்கு சின்னச் சின்ன கோடு, விளிம்பு இதையெல்லாம் புடிக்கக் கத்துக்குது, அடுத்த அடுக்கு அதைச் சேத்து வளைவு, மூலைன்னு போகுது, யாரும் இதைப் பாருன்னு சொல்லிக் குடுக்கல. 2012ல அலெக்ஸ்நெட்னு ஒரு நெட்வொர்க் இமேஜ்நெட் போட்டில 1000 வகைப் படத்தைப் பிரிச்சப்போ அதோட தப்பு, அதாவது அஞ்சு ஊகம் சொல்ல விட்டும் ஒண்ணு கூட சரியா வராதது, 15.3 சதவீதம், ரெண்டாவதா வந்தவங்களுக்கு 26.2. அதுக்கப்புறம்தான் இனிமே ஃபீச்சர் எல்லாம் வேண்டாங்கிற பேச்சு ஊரெல்லாம் வந்துச்சு.

ஆனா அந்த நெட்வொர்க்குக்கு ட்ரெயினிங்குக்கு, அதாவது பாத்துக் கத்துக்க, குடுத்தது கிட்டத்தட்ட 12 லட்சம் படம். உன் லேப்ல எத்தனை சாம்பிள் இருக்கு? அதை எண்ணிட்டு வா, எதை நம்புறதுன்னு உனக்கே தெரிஞ்சுரும். அதோட இன்னொண்ணு, நெட்வொர்க்கே கத்துக்கட்டும்னு விட்டாலும் எந்த வினாடில இருந்து எந்த வினாடி வரைக்கும் வெட்டிக் குடுக்குறது, லாக் எடுக்குறதா வேண்டாமா, சத்தத்தை வடிகட்டுறதா இல்லையான்னு நீ எடுக்குற ஒவ்வொரு முடிவும் ஃபீச்சர் வேலைதான். பேர் மட்டும் மாறிருச்சு. அந்த யூனிட்டை விட்டுறாதம்மா.

கேள்வி: மேடம், நான் கெமிஸ்ட்ரி ரிசர்ச் ஸ்காலர். எண்ணெய் சாம்பிள் 140, ஒவ்வொண்ணுக்கும் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம், ஒரு ஸ்பெக்ட்ரத்துல 1700 புள்ளி. கலப்படம் இருக்கா இல்லையான்னு நியூரல் நெட்வொர்க் போட்டேன். ட்ரெயினிங்ல 100 சதவீதம், டெஸ்ட்ல 60தான் வருது. லேயர் கூட்டிப் பாத்தேன், இன்னும் மோசமாகுது.
ஒரு ஆராய்ச்சி மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, லேயரைக் கூட்டாதீங்க, குறைங்க. 140 பேரைப் பத்தி 1700 விஷயம் தெரிஞ்சா யாரை வேணும்னாலும் மனப்பாடம் பண்ணிரலாம், அதைத்தான் உங்க நெட்வொர்க் பண்ணிருக்கு. மனப்பாடம் பண்ணின பையன் அதே கேள்வி வந்தா 100 எடுப்பான், கொஞ்சம் மாத்திக் கேட்டா முழிப்பான்.

ஸ்பெக்ட்ரம்னா எந்த அலைநீளத்துல எண்ணெய் ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டுற கோடு, முதல்ல அந்த 140 கோட்டையும் ஒரே தாள்ல ஒண்ணு மேல ஒண்ணா வரைஞ்சு பாருங்க. பாத்திருக்கீங்களா? கேக்குற பத்துப் பேர்ல எட்டுப் பேர் பாக்குறதே இல்ல. வரைஞ்சா தெரியும், பாதிக் கோடு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், பாதி கீழ இருக்கும், அந்த ஏத்த இறக்கம் பெரும்பாலும் எண்ணெயோடது கிடையாது, ஒளி சிதறுறது, கருவி சூடானது இதெல்லாந்தான். அதை எடுக்குறதுக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபிக்காரங்க பல வருஷமா முதல் டெரிவேட்டிவ் எடுத்துதான் பாக்குறாங்க, சவிட்ஸ்கியும் கோலேயும் 1964ல குடுத்த வழிதான், சின்னச் சின்னத் துண்டா எடுத்து ஒரு வளைவைப் பொருத்தி அதோட சரிவை எழுதிக்கிட்டே போறது. மேல கீழ நிக்கிற வித்தியாசம் அதுல காணாமப் போயிரும், வேதியியல் பேசுற மேடு பள்ளம் மட்டும் நிக்கும்.

அதுக்கப்புறம் பிசிஏ, விரிவா சொன்னா பிரின்சிபல் காம்போனென்ட் அனாலிசிஸ். இதுக்குப் பயப்பட வேண்டாம், கார்ல் பியர்சன் 1901லயே சொன்ன விஷயம். நம்ம மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை நேர் முன்னாடி நின்னு பாத்தா அகலமா தெரியும், பக்கவாட்டுல நின்னு பாத்தா குறுகலா தெரியும். ஒரே ஒரு போட்டோதான் எடுக்கணும்னா எந்தப் பக்கம் நின்னு எடுப்பீங்க? அகலமா விரிஞ்சு தெரியுற பக்கம். பிசிஏ பண்றதும் அதேதான், 1700 திசைல கிடக்குற டேட்டா எந்தத் திசைல அதிகமா விரிஞ்சிருக்குன்னு தேடி அதை முதலாவதா எடுக்கும், அதுக்கு செங்குத்தா அடுத்து விரிஞ்ச திசையை ரெண்டாவதா எடுக்கும். பத்து திசை எடுத்தாலே உங்க 1700 புள்ளில இருக்குற விஷயம் பெரும்பாலும் உள்ள வந்துரும். அந்தப் பத்து நம்பரை வச்சு ஒரு சாதாரண லீனியர் மாடலை, அதாவது ஒவ்வொரு நம்பரையும் ஒரு எடையால பெருக்கிக் கூட்டுற கணக்கை, முதல்ல ஓட்டுங்க. அது என்ன குடுக்குதோ அதைத் தாண்டுனாத்தான் நெட்வொர்க்குக்கு மரியாதை.

ஒரு எச்சரிக்கை, அதிகமா விரிஞ்ச திசைதான் உங்களுக்கு வேணுங்கிற திசைன்னு எந்தச் சட்டமும் இல்ல. இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பல வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி நல்லெண்ணெய்ல பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்திருக்கான்னு பாக்குற வேலைதான் செஞ்சேன், அப்போ வேலை பாத்த இடத்துல கருவி ஒண்ணுதான், அதனால காலைல சுத்தமான எண்ணெயை எல்லாம் அளந்துருவோம், மத்தியானம் சாப்ட்டு வந்து கலந்த எண்ணெயை அளப்போம், ரிசல்ட் 98 சதவீதம் வந்துச்சு, ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சந்தேகத்துல சுத்தமான எண்ணெயையே மத்தியானம் அளந்து குடுத்தா மாடல் அத்தனையையும் கலப்படம்னு சொல்லுது. அது எண்ணெயைப் பாக்கவே இல்ல. காலைல கருவிக்குள்ள இருக்குற விளக்கு சரியா சூடாகாம இருக்குறதையும் மத்தியானம் சூடானதையும் பாத்துப் பிரிச்சிருக்கு. நாலு மாச அளவு முழுசும் குப்பைக்குப் போச்சு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நீங்க அளக்குறப்போ சுத்தமானது, கலந்தது, சுத்தமானதுன்னு வரிசையைக் கலைச்சு அளங்க, விளக்கைப் போட்டு அரை மணி நேரமாச்சும் காத்திருங்க, எந்த சாம்பிளை எத்தனை மணிக்கு அளந்தீங்கன்னு நோட்டுல எழுதுங்க. மாடல் குடுக்குற விடையை ஒரு தடவை அந்த மணி நேரத்துக்கு எதிரா வரைஞ்சு பாருங்க.

கேள்வி: அக்கா, ஈசிஜில இதயத்துடிப்பை வகை பிரிக்கிற ப்ராஜெக்ட் பண்ணோம். 99.2 சதவீதம் அக்யூரசி. வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் சார் ஸ்லைடைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ட்ரெயினிங்ல இருந்த ஆளே டெஸ்ட்லயும் இருக்காரான்னு. ஆமான்னோம். மார்க்கைக் குறைச்சுட்டாரு. இதுல என்ன தப்பு?
நாலு மாணவர்கள், மேலூர்

பதில்: அவரு கேட்டது சரியான கேள்வி தம்பிகளா, கோவப்படாதீங்க. நீங்க எடுத்தது எம்ஐடி பிஐஎச்ங்கிற ஈசிஜி டேட்டாவாத்தான் இருக்கும், எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. 47 பேர்கிட்ட எடுத்த 48 பதிவு, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், வினாடிக்கு 360 தடவை அளந்தது, மொத்தம் கிட்டத்தட்ட 1 லட்சத்து 10 ஆயிரம் துடிப்புக்கு டாக்டர்கள் உக்காந்து ஒவ்வொண்ணா பேர் எழுதி வச்சிருக்காங்க. 1980ல இருந்து உலகம் பூரா பயன்படுத்துறாங்க.

லட்சம் துடிப்புன்னு சொன்னாலும் மனுஷங்க 47 பேர்தான். ஒருத்தரோட துடிப்பு அவரு கையெழுத்து மாதிரி, பத்து நிமிஷத்துல வந்த துடிப்பும் பதினோராவது நிமிஷத்துல வந்த துடிப்பும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். நீங்க லட்சம் துடிப்பையும் ஒரே சட்டில போட்டுக் கலக்கி எண்பதுக்கு இருபதுன்னு பிரிச்சீங்க, அப்போ டெஸ்ட்ல வர்ற ஒவ்வொரு துடிப்புக்கும் ட்ரெயினிங்ல ஒரு ரெட்டைப் பிள்ளை இருக்கு. நெட்வொர்க் நோயைப் படிக்கல, ஆளை அடையாளம் கண்டுக்கிச்சு. நாளைக்கு மேலூர் ஆஸ்பத்திரிக்கு வர்ற புது ஆளுக்கு அது என்ன சொல்லும்னு உங்க 99.2ல எந்தத் தகவலும் இல்ல. அதனாலதான் இந்தத் துறைல ஒழுங்கா செய்றவங்க பேஸ்மேக்கர் வச்சவங்களோட நாலு பதிவைத் தள்ளிட்டு மீதி 44ஐ 22, 22ன்னு ஆளை வச்சுப் பிரிக்கிறாங்க. நீங்களும் அப்பிடிப் பிரிச்சு மறுபடி ஓட்டுங்க, நம்பர் இறங்கும், இறங்கட்டும், அதுதான் உங்க உண்மையான நம்பர்.

இன்னொரு குழி அந்த அக்யூரசிங்கிற வார்த்தைலயே இருக்கு. அந்த டேட்டால பத்துத் துடிப்புல ஒன்பது கிட்ட நார்மல் வகைலதான் வரும். எதைக் குடுத்தாலும் நார்மல்னு மட்டும் சொல்ற ஒரு மாடலை எழுதினா, அதுக்கு ஒரே ஒரு வரி போதும், அதுவே 90 சதவீதத்தை ஒட்டி வாங்கிரும், ஒரு நோயாளியைக் கூட கண்டுபிடிக்காம. அதனால ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியா எத்தனை வந்துச்சு, எத்தனை புடிச்சோம், எத்தனை விட்டோம்னு ஒரு கட்டம் போட்டு ஸ்லைடுல காட்டுங்க.

ஃபீச்சர் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச இடமே ஈசிஜிதான். ஐசியூல ட்யூட்டி பாக்குற ஒரு சீனியர் நர்ஸ் பக்கத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. அவங்க அந்தத் தாள்ல சின்னக் கட்டத்தை எண்ணுவாங்க, ஒரு கட்டம் 0.04 வினாடி. அந்த உசந்த முனை இருக்குற பகுதி மூணு கட்டத்துக்கு உள்ள இருந்தா, அதாவது 0.12 வினாடிக்குள்ள இருந்தா சரி, அகலமா இருந்து, முந்திக்கிட்டும் வந்து, முன்னாடி வர வேண்டிய சின்ன மேடும் இல்லைன்னா அந்தத் துடிப்பு கீழ் அறைல இருந்து கிளம்புனதுன்னு சந்தேகப்படுவாங்க. முனைக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, அகலம், முன் மேடு இருக்கா இல்லையா, மூணே மூணு. இதை மட்டும் நம்பரா எடுத்து ஒரு சின்ன மாடலுக்குக் குடுத்து ஆளை வச்சுப் பிரிச்சு ஓட்டிப் பாருங்க, உங்க பெரிய நெட்வொர்க்குக்கும் அதுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல போடுங்க. இடைவெளியை விட்டுட்டு ஒத்தைத் துடிப்பை மட்டும் வெட்டிக் குடுக்குறவங்க நிறையப் பேர் இருக்காங்க, அது பெரிய நஷ்டம், முந்தி வந்துச்சா இல்லையாங்கிறது அந்த வெட்டுன துண்டுக்குள்ள இருக்கவே இருக்காது.

கேள்வி: இதெல்லாம் படிக்க கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் கட்டாயமா? வீட்ல கடன் வாங்கித்தான் வாங்கணும்.
ஒரு மாணவர், வாடிப்பட்டி

பதில்: வாங்காதீங்க தம்பி. சில நூறு சாம்பிள், சில பத்து ஃபீச்சர்னா இருக்குற பழைய லேப்டாப்பே போதும், கொஞ்ச நேரத்துல ஓடிரும். படம் வச்சுப் பண்றப்போ ஜிபியு, அதாவது அந்த கிராபிக்ஸ் சிப், வேணும்னா இன்டர்நெட்லயே ஓட்டுற கூகுள் கோலாப்ல குறிப்பிட்ட நேரத்துக்கு இலவசமாவே கிடைக்கும். கடன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மேடம், எங்க ஊர்ப்பக்கம் பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வகம் வரும் வராதுன்னு பல வருஷமா பேச்சு ஓடுது. நல்லது கெட்டது எல்லாரும் பேசுறாங்க, ஆனா அந்த மாதிரி இடத்துல வர்ற டேட்டா எப்பிடி இருக்கும், அதை எப்பிடிப் பிரிப்பாங்கன்னு யாரும் சொல்லல.
ஒரு வாசகர், தேனி

பதில்: அண்ணே, வேணுமா வேண்டாமாங்கிறது வேற பெரிய பேச்சு, நீங்க கேட்டதுக்கு மட்டும் சொல்றேன். நியூட்ரினோன்னா எதுலயும் முட்டாம ஊடுருவிப் போற துகள், எப்பவாவது ஒண்ணு இரும்புல மோதுனா அதுல இருந்து கிளம்புற வேற துகள்களை வச்சுத்தான் அதைக் கண்டுபிடிக்கணும். அங்க போடறதா சொன்ன கருவி 50,000 டன் காந்தமாக்குன இரும்பு. அதோட சின்ன மாதிரி ஒண்ணு, 85 டன், நம்ம மதுரைல வடபழஞ்சிப் பக்கம் இருக்குற வளாகத்துலயே இருக்கு. இரும்புத் தகட்டுக்கு நடுவுல நடுவுல துகள் போனா மின்சாரத் துடிப்பு குடுக்குற கண்ணாடி அறைகளை வச்சிருப்பாங்க. மேல வானத்துல இருந்து மியூயான்ங்கிற துகள் சும்மாவே மழை மாதிரி வந்துக்கிட்டே இருக்கு, அது உள்ள போறப்போ எந்த அடுக்குல எந்த இடத்துல பட்டுச்சோ அங்கங்க ஒரு புள்ளி விழும்.

டேட்டான்னா அந்தப் புள்ளிகள்தான். மியூயான் போனா அடுக்குக்கு ஒண்ணு ரெண்டு புள்ளின்னு கோடு புடிச்ச மாதிரி நீளமாப் போகும். ஹேட்ரான்னு சொல்ற வகை போனா மத்தாப்பு சிதறுன மாதிரி ஒரே இடத்துல பரந்து விழும். காந்தம் இருக்குறதால கோடு கொஞ்சம் வளையும், எந்தப் பக்கம் வளையுதுங்கிறதை வச்சு அது பாசிட்டிவா நெகட்டிவான்னு சொல்லிரலாம். எத்தனை அடுக்கு தாண்டுச்சு, அடுக்குக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு வளைஞ்சுச்சு, இப்பிடி மூணு நாலு நம்பர் எடுத்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இதுவரைக்கும் மத்தவங்களுக்கு எல்லாம் கையால ஃபீச்சர் எடுங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தேன், இங்க எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும், இல்லைன்னா நியாயம் இல்ல. 2014ல பால்டி, சடோவ்ஸ்கி, வைட்சன்னு மூணு பேர் ஹிக்ஸ் துகள் சம்பந்தமா ஒரு வேலை செஞ்சாங்க. கம்ப்யூட்டர்ல உருவாக்குன 1 கோடியே 10 லட்சம் துகள் மோதல், ஒவ்வொண்ணுக்கும் 28 நம்பர். அதுல 21 கருவி குடுக்குற மாதிரியான நேரடி அளவு, மீதி 7 பிசிக்ஸ்காரங்க யோசிச்சு சூத்திரம் போட்டு எடுத்த ஃபீச்சர். எது நல்லாப் பிரிக்குதுன்னு ஒரு மதிப்பெண் போட்டாங்க, 0.5னா காசைச் சுண்டிப் போட்டுச் சொல்றதுக்கு சமம், 1னா தப்பே இல்ல. அடுக்கு கம்மியான பழைய நெட்வொர்க்குக்கு நேரடி அளவு மட்டும் குடுத்தா 0.73, மனுஷன் எடுத்த 7ஐக் குடுத்தா 0.78. அதாவது மனுஷன் ஜெயிச்சான். ஆழமான நெட்வொர்க்ல போட்டப்போ கதை தலைகீழாச்சு, மனுஷன் எடுத்த 7ஐ மட்டும் குடுத்தா 0.80, நேரடி அளவு 21ஐ மட்டும் குடுத்தா 0.88. ரெண்டையும் சேத்துக் குடுத்தாக் கூட 0.885தான். அந்த ஏழு சூத்திரத்துக்குள்ள வராத ஏதோ ஒண்ணு அந்த 21 நம்பர்ல ஒளிஞ்சிருந்திருக்கு, அத்தனை வருஷம் அதைப் பாத்தவங்க கண்ணுக்கும் அது முழுசா சிக்கல. முதல் தடவை அந்த அட்டவணையைப் பாத்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா ஒண்ணைக் கவனிங்க அண்ணே, 1 கோடியே 10 லட்சம், எது எதுன்னு சரியான பேர் முன்னாடியே தெரிஞ்ச டேட்டா. திண்டுக்கல் தம்பிகிட்ட இருக்குறது 140.

கேள்வி: தாயி, எனக்கு 58 வயசு, பன்னெண்டு வருஷமா சக்கர இருக்கு. ஊர்ல கண் கேம்ப் போட்டாங்க, கண்ணுக்குள்ள போட்டோ எடுத்துட்டு கம்ப்யூட்டரே சொல்லிரும்னாங்க. டாக்டரு பாக்காம கம்ப்யூட்டரு சொல்றதை நம்பலாமா? என் மகன்தான் இதை எழுதிக் குடுத்தான்.
ஒரு அம்மா, உசிலம்பட்டிப் பக்கம்

பதில்: அம்மா, நீங்க போட்டோ எடுத்துக்கிட்டதே ரொம்ப நல்ல காரியம். சக்கரை கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைல இருக்குற மெல்லிசான ரத்தக்குழாயைக் கெடுக்கும், ஆரம்பத்துல பார்வை நல்லாவே தெரியும், வலி இருக்காது, அதனால யாரும் போய்க் காட்டுறதில்ல. போட்டோல சின்னச் சின்ன செவப்புப் புள்ளி, மஞ்சக் கசிவு, ரத்தத் திட்டு இதெல்லாம் இருக்கான்னு பாப்பாங்க.

இந்த கம்ப்யூட்டர் முறைக்கும் நம்ம மதுரைக்கும் நெருக்கமான சம்பந்தம் இருக்கு. 1976ல டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016ல வெளியிட்ட வேலைல 1,28,175 கண் படத்தை வச்சு நெட்வொர்க்குக்கு சொல்லிக் குடுத்தாங்க, 54 கண் டாக்டர்கள் பிரிச்சு எடுத்துக்கிட்டு ஒவ்வொரு படத்தையும் மூணுல இருந்து ஏழு தடவை பாத்து பேர் எழுதியிருந்தாங்க, அந்தப் படங்கள்ல அரவிந்த்ல எடுத்ததும் உண்டு. அப்புறம் நேர்ல வர்ற நோயாளிங்ககிட்டயும் சரியா சொல்லுதான்னு மதுரை அரவிந்த்லயும் சென்னை சங்கர நேத்ராலயாவுலயும் 3,049 பேர்கிட்ட சோதிச்சு 2019ல வெளியிட்டாங்க. அரவிந்த்ல வந்த கணக்கு, நோய் நடுத்தரமாவோ அதுக்கு மேலயோ இருக்குற 100 பேர்ல 89 பேரை அது புடிச்சுச்சு, அப்பிடி இல்லாத 100 பேர்ல 92 பேரை சரியா இல்லைன்னு சொல்லுச்சு.

இதை உங்க கேம்ப்புக்குப் பொருத்திப் பாப்போம். 1000 பேர் வந்து, அதுல 100 பேருக்கு நோய் இருக்குன்னு வச்சுக்குவோம். 89 பேரைக் கூப்பிடும், 11 பேரை விட்டுரும், நோய் இல்லாத 900 பேர்ல சுமார் 70 பேரையும் சேத்துக் கூப்பிடும். அதனால உங்களைக் கூப்பிட்டா பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போங்க, போய்ப் பாத்தா ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். கூப்பிடலைன்னா அடுத்த வருஷம் பாக்க வேண்டாம்னு அர்த்தம் இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் காட்டணும், பார்வைல திடீர்னு மாற்றம் தெரிஞ்சா அன்னைக்கே போகணும். கண்ணுல புரை இருந்தா போட்டோ மங்கலா விழும், அப்போ கம்ப்யூட்டரால சொல்ல முடியாது, படம் தெளிவா வந்துச்சான்னு அங்க இருக்குற பிள்ளைககிட்ட வாய்விட்டுக் கேளுங்க, இல்லைன்னா இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க. டாக்டரைப் பாக்கவே முடியாத ஊருக்கு இது பெரிய துணை, ஆனா டாக்டருக்குப் பதிலா ஆகாது.

கேள்வி: மேடம், கவர்மெண்ட் ஸ்கூல்ல வேலை பாக்குறேன். பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிட்டுப் போனேன். மியூசியத்துல பானை ஓடுகளைப் பாத்துட்டு ஒன்பதாப்புப் பையன் ஒருத்தன் கேக்குறான், சார் இதையெல்லாம் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ட்ட குடுத்தா அதுவே வகை பிரிச்சுராதான்னு. என்னால பதில் சொல்ல முடியல.
ஒரு ஆசிரியர், சிலைமான்

பதில்: சார், அந்தப் பையனை முதல்ல என் சார்பா தட்டிக் குடுங்க. பிரிக்கும்னுதான் சொல்லணும், ஆனா எதைப் பாத்துப் பிரிக்குதுன்னு பக்கத்துல நின்னு பாக்கணும். தோண்டுற இடத்துல படம் எடுக்குறப்போ ஓட்டுக்குப் பக்கத்துல அளவுகோல் வைப்பாங்க, குழி நம்பர் எழுதுன சீட்டு வைப்பாங்க, ஒரு குழில கிடைச்சதை ஒரே நாள்ல ஒரே வெளிச்சத்துல எடுத்திருப்பாங்க. நெட்வொர்க் ஓட்டை விட்டுட்டு சீட்டையும் நிழலையும் படிச்சுக்கும். கற்பனையா சொல்லல, அமெரிக்கால நிமோனியா எக்ஸ்ரேவைப் பாத்துச் சொல்ற நெட்வொர்க்குகளை வேற ஆஸ்பத்திரிப் படத்துல சோதிச்சப்போ தடுமாறுச்சு, தோண்டிப் பாத்தா படம் எந்த ஆஸ்பத்திரில எடுத்ததுங்கிறதை அதுக கிட்டத்தட்ட தப்பே இல்லாம கண்டுபிடிக்குது, 2018ல வந்த ஆய்வு அது.

தொல்லியல்காரங்க ஓட்டைக் கையில எடுத்ததும் விளிம்பு எப்பிடி வளையுது, எவ்வளவு தடிமன், உடைஞ்ச இடத்துல மண்ணு கரடா வழுவழுப்பா, உள்ள கருப்பு வெளிய செவப்பா, கீறல் இருக்கா இல்ல எழுத்தா, இதைத்தான் பாப்பாங்க. அதுல பாதி, மேல இருந்து எடுத்த போட்டோல விழவே விழாது. விளிம்பைப் பக்கவாட்டுல வரைஞ்ச கோட்டுப்படம்தான் அவங்களுக்கு உயிர்.

பசங்களை வச்சு ஒரு வேலை செய்யலாம். கீழடி ஓட்டைத் தொட வேண்டாம், ஊர்ல உடைஞ்சு கிடக்குற மண்சட்டி, பூந்தொட்டி, கலயம், ஓடு இதுலயே ஒரு முப்பது துண்டு பொறுக்கிட்டு வரச் சொல்லுங்க. அஞ்சு குழுவாப் பிரிச்சு எதை வச்சுப் பிரிக்கிறோம்னு நோட்டுல எழுதிட்டு அப்புறம் பிரிக்கட்டும், ஒரு குழு எழுதுனதை வச்சு அடுத்த குழு அதே முப்பதைப் பிரிக்கட்டும். ரெண்டு பேருக்கும் எந்தத் துண்டுல சண்டை வருதோ அந்தத் துண்டை மட்டும் படம் எடுத்து, அவன் கேட்ட கேள்வியோட எனக்கு அனுப்பி வைங்க சார்.